ரேட்டிங்கில் வராத வகுப்பறை: மகனுக்காக நியூஜெர்சியில் ஊர் தேடிய அனுபவம்

நியூஜெர்சியில் வீடு வாங்கக் கிளம்பும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்கூல் ரேட்டிங் என்ன?" வீடு தேடும் செயலியைத் திறந்தால் படுக்கையறை எத்தனை என்பதற்குக் கீழேயே பள்ளிக்கு 10-க்கு எத்தனை என்று போட்டிருக்கும். 9, 10 என்றால் விலையை ஏற்றிக் கேட்டாலும் வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்காக ஊர் தேடியபோது அந்த எண் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

அது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து வருவது. அந்த மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பெற்றோரின் படிப்பும் சனிக்கிழமை கணக்கு டியூஷனும் எவ்வளவு என்பது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அது இருக்கட்டும். 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், தாழ்வாரத்தின் கடைசி அறையில் ஆறு பிள்ளைகளும் ஒரு ஆசிரியையும் ஓரிரு உதவியாளர்களும் இருப்பார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. என் மகன் உட்காரப் போவது அந்த அறையில்.

"சட்டம் நாடு முழுக்க ஒன்றுதானே, எந்த ஊராக இருந்தால் என்ன?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1975-ல் வந்து, இன்று ஐ.டி.இ.ஏ. என்று அழைக்கப்படும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கான ஃபெடரல் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மூன்று வயதிலிருந்து தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வியைப் பொதுப் பள்ளி தர வேண்டும். அந்தப் பிள்ளைக்கென்றே ஐ.இ.பி. என்ற தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்க வேண்டும். 2017-ல் கொலராடோவைச் சேர்ந்த ஒரு ஆட்டிசச் சிறுவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது: பெயருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான். ஆனாலும் உள்ளதிலேயே சிறந்ததைக் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதற்கு மேல் எவ்வளவு செய்வது என்பது அந்தந்த ஊரின் மனசையும் பட்ஜெட்டையும் பொறுத்தது.

பட்ஜெட் என்று வந்தால் கதையே வேறு. சிறப்புக் கல்வியின் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக வாஷிங்டன் 1975-லேயே வாக்குக் கொடுத்தது. ஒரு வருடம்கூட அந்த 40-ஐத் தொட்டதில்லை; அண்மை ஆண்டுகளில் 15 சதவீதத்துக்கும் கீழேதான். மீதியை மாநிலமும், ஊர்க்காரர்கள் கட்டும் ப்ராபர்ட்டி டாக்ஸும் தாங்க வேண்டும். வரியையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஆண்டுக்கு 2 சதவீதம் என்று மாநிலத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இந்தச் சின்ன மாநிலத்தில் கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தந்த ஊரின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி போர்டு, தனி பட்ஜெட், தனிப் பழக்கவழக்கம். ரூட் 1 சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால் வேறொரு டிஸ்ட்ரிக்டில் இருப்போம்.

எங்களுக்கு முதலில் பிடித்திருந்தது ஓர் அழகான சின்ன ஊர். கிண்டர்கார்டனிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள டிஸ்ட்ரிக்ட். ரேட்டிங் பிரமாதம், வகுப்பில் பிள்ளைகள் குறைவு. சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, "என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு உங்களிடம் என்ன வகுப்பு இருக்கிறது?" என்று கேட்டேன். அந்த அம்மா நேர்மையாகவே சொன்னார்: அவ்வளவு பிள்ளைகள் இல்லாததால் தனி வகுப்பு நடத்துவதில்லை, தேவைப்பட்டால் வெளியே அனுப்புவோம்.

வெளியே என்றால் அவுட் ஆஃப் டிஸ்ட்ரிக்ட் பிளேஸ்மென்ட். நியூஜெர்சியில் மாநில அங்கீகாரம் பெற்ற தனியார் சிறப்புப் பள்ளிகள் நிறைய உண்டு, கவுண்டி நடத்தும் பள்ளிகளும் உண்டு. கட்டணத்தையும் பஸ்ஸையும் டிஸ்ட்ரிக்டே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி அனுப்புவது மோசம் என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. அங்கே கிடைக்கும் நிபுணத்துவம் ஊர்ப் பள்ளியில் கிடைக்காது. ஆனால் ஆறு வயதுப் பையன் காலையில் ஒரு மணி நேரம் வேனில் போய், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரையும் தெரியாமல் வளர்வதற்கு, அந்த அழகான ஊரில் எதற்கு வீடு வாங்க வேண்டும்? அதோடு வெளியே அனுப்பும் செலவு மிகப் பெரியது. ஒரே ஒரு பிள்ளையின் கட்டணம் சின்ன ஊரின் பட்ஜெட்டையே ஆட்டிவிடும். அதனால் சில இடங்களில் அனுப்ப வேண்டிய பிள்ளையை அனுப்பாமல் இழுத்தடிப்பதும் நடக்கிறது.

சின்ன ஊர்களில் இன்னொரு சிக்கல், பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுவது. க்ரான்பரியில் குடியிருந்தால் ஹைஸ்கூலுக்குப் பிள்ளை போவது பிரின்ஸ்டனுக்கு. பிராஞ்ச்பர்க் என்றால் சாமர்வில். ஆக ஒரு வீட்டுக்கு இரண்டு டிஸ்ட்ரிக்டைப் பார்த்தாக வேண்டும். வீட்டு ஏஜென்டுகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள்ளும் இந்தப் பிரச்சினை உண்டு. பெரிய டிஸ்ட்ரிக்ட் ஒன்றில் பிரீஸ்கூல் பிரிவு அருமையாக இருந்தது. பெற்றோர் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் இந்தப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கேட்டபோது பதில் குழம்பியது. மிடில் ஸ்கூலில் அதே மாதிரி வகுப்பு இல்லை, "அப்போது டீம் கூடி முடிவெடுக்கும்" என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊர் பார்ப்பவர்களுக்கு மிடில் ஸ்கூல் எங்கோ தூரத்தில் தெரியும். 30 வருடக் கடன் எடுத்து வாங்கும் வீட்டுக்கு அது தூரமே இல்லை.

சரி, ரேட்டிங்கை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? முதலில், காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் ஐ.இ.பி. உள்ள பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேர் பள்ளி நேரத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ பொது வகுப்பில் இருக்கிறார்கள், எத்தனை பேர் 40 சதவீதத்துக்கும் கீழே, எத்தனை பேர் தனிப் பள்ளிகளில் என்று மாநிலக் கல்வித் துறை வெளியிடுகிறது. இதை வைத்து நல்ல ஊர், கெட்ட ஊர் என்று முத்திரை குத்த முடியாது. பொது வகுப்பில் நிறையப் பேர் இருப்பது உண்மையான இன்க்ளூஷனாகவும், அதாவது தேவையான உதவியோடு சேர்த்துப் படிக்க வைப்பதாகவும் இருக்கலாம், உதவியாளர் இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பதாகவும் இருக்கலாம். ஆனால் ஃபோன் செய்யும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த எண்கள் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து டிஸ்ட்ரிக்டின் பட்ஜெட் சுருக்கம். இணையத்தில் போட்டாக வேண்டும் என்பது விதி. வெளிப் பள்ளிகளுக்குக் கட்டும் தொகை ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகிறது என்று பார்த்தோம். அப்புறம் போர்டு கூட்டக் குறிப்புகள். படிக்கத் தூக்கம் வரும், ஆனால் விஷயம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. வகுப்பு உதவியாளர்களை, அதாவது பாராக்களை, டிஸ்ட்ரிக்டே வேலைக்கு வைத்திருக்கிறதா, தனியார் நிறுவனத்திடம் விட்டுவிட்டதா என்று அதில் தெரியும். நிறுவனத்திடம் விட்ட இடங்களில் சம்பளமும் சலுகையும் பொதுவாகக் குறைவு, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு முகத்துக்குப் பழகவே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விஷயம் எதுவுமில்லை. பெற்றோரோடு செய்துகொண்ட சமரச ஒப்பந்தங்களுக்கு போர்டு ஒப்புதல் தருவதும் பெயரில்லாமல் குறிப்புகளில் வரும். அடிக்கடி வந்தால் ஏன் என்று யோசிக்க வேண்டும். வழக்கு வரை போனவற்றின் தீர்ப்புகளை ரட்கர்ஸ் சட்டக் கல்லூரி நூலகத்தின் தளத்தில் படிக்கலாம். பிள்ளையின் பெயர் இருக்காது, முதலெழுத்து மட்டும்தான். டிஸ்ட்ரிக்டின் பெயர் முழுசாக இருக்கும். ஒரு டிஸ்ட்ரிக்ட் பெற்றோரிடம் எந்தத் தொனியில் பேசுகிறது என்பதை அந்தத் தீர்ப்புகளைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

ஃபோன் செய்யும்போது நாங்கள் கேட்டவை ரொம்பச் சாதாரணக் கேள்விகள். நடத்தை நிபுணர், அதாவது பி.சி.பி.ஏ., உங்கள் ஊழியரா, மாதம் ஒரு நாள் வந்துபோகும் ஆலோசகரா? ஸ்பீச் தெரபி தனியாகவா, குழுவாகவா? குழு என்றால் எத்தனை பேர்? இன்க்ளூஷன் வகுப்பில் சிறப்புக் கல்வி ஆசிரியர் நாள் முழுக்க இருப்பாரா, பாடம் பாடமாக ஓடிக்கொண்டிருப்பாரா? ஆட்டிச வகுப்பில் மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதம், பாரா ஒருவர் லீவு போட்ட நாளில் என்ன ஆகும்? கோடை வகுப்பு எத்தனை வாரம்?

கடைசிக்கு முந்தின கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு யாரிடமும் தயாரான பதில் இருக்காது, உண்மை வெளியே வந்துவிடும். ஒரு டிஸ்ட்ரிக்டில், "மாற்று ஆட்கள் பட்டியல் வைத்திருக்கிறோம், ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் சிரமம்தான்" என்றார்கள். அந்த ஒரு வரியில் எனக்கு நம்பிக்கை வந்தது. வேறு இடங்களில் எதைக் கேட்டாலும், "அது ஒவ்வொரு பிள்ளையின் தேவையைப் பொறுத்தது" என்ற ஒரே பதில். சட்டப்படி அது சரியான பதில்தான். ஆனால் ஓட்டலில் மெனு கேட்டால் "உங்கள் பசியைப் பொறுத்தது" என்பதுபோல இருந்தது. வகுப்பை வந்து பார்க்கலாமா என்றும் கேட்டோம். மற்றப் பிள்ளைகளின் தனியுரிமை என்று சிலர் மறுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அறையை மட்டுமாவது காட்டுகிறோம் என்று சொன்ன இடத்துக்குப் போனோம். சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் படங்கள் வைத்த தினசரி அட்டவணை. ஒரு மூலையில் ஊஞ்சல். அலமாரியில் தரவு எழுதும் கோப்புகள், கசங்கிப் போய், பயன்படுத்திய அடையாளத்தோடு. புது கோப்புகளாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

இதையெல்லாம்விட அதிகம் தெரிந்துகொண்டது மற்றப் பெற்றோரிடம்தான். சிறப்புக் கல்விப் பெற்றோரின் ஆலோசனைக் குழு ஒன்று ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் இருக்க வேண்டும் என்பது நியூஜெர்சி விதி. செப்பாக் என்று சொல்வார்கள். சில ஊர்களில் அது பேருக்கு இருக்கிறது. சில ஊர்களில் மாதாமாதம் கூடிச் சிறப்புக் கல்வி டைரக்டரையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். குழு எப்படி இயங்குகிறது என்பதே டிஸ்ட்ரிக்டைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். வெளியூர்க்காரியான நான் மின்னஞ்சல் அனுப்பியதற்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினார்.

நம் ஆட்களிடம் இதைப் பேச வைப்பதுதான் கஷ்டம். தமிழ்ப் பள்ளியில், கோயிலில், பிறந்தநாள் விழாக்களில் எத்தனையோ குடும்பங்களைப் பார்க்கிறோம். நம் வீட்டில் உள்ளது போலவே அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கும். யாரும் வாயைத் திறப்பதில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தபோது, கோயம்புத்தூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். அவருடைய பையன் அப்போது ஹைஸ்கூல். "ஐ.இ.பி.ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாக்காத கண்ணு. அத யாரு செய்யப் போறாங்கன்னு கேளு. அந்த ஆளு அடுத்த வருசமும் இருப்பாங்களான்னும் கேளு" என்றார். மேலே சொன்ன கேள்விகளில் பாதி அவரிடமிருந்து வந்தவை.

வீடு வாங்குவதற்கு முன், தேர்ந்தெடுத்த ஊரில் முதலில் வாடகைக்குப் போனோம். இதை எல்லாருக்கும் சொல்வேன். லீஸ் கையில் இருந்தால் அந்த ஊர்ப் பள்ளியில் வீட்டுச் சொந்தக்காரர் பிள்ளைக்கு உள்ள அதே உரிமை நம் பிள்ளைக்கும் உண்டு. ஒரு பள்ளி ஆண்டைக் கண்ணால் பார்த்த பிறகு கடன் எடுக்கலாம். இரண்டு முறை வீடு மாற்றுவது ஆட்டிசப் பிள்ளைக்குச் சுலபமில்லை என்று வீட்டில் வாதம் நடந்தது. அதுவும் உண்மைதான். நாங்கள் பின்னால் வாங்கிய வீடு அதே தொடக்கப் பள்ளியின் எல்லைக்குள் இருந்ததால் அவனுக்கு வீடு மட்டும் மாறியது, வகுப்பு மாறவில்லை.

மாறுவதற்கு முன் பழைய ஊரில் ஒரு வேலை பாக்கி இருக்கும்: ஐ.இ.பி.யை இறுக்கமாக எழுத வைப்பது. மாநிலத்துக்குள் மாறினால், புது டிஸ்ட்ரிக்ட் முதலில் பழைய ஐ.இ.பி.க்கு ஒப்பான சேவையைத் தர வேண்டும். அப்படியே ஏற்காவிட்டால் சேர்ந்த 30 நாளுக்குள் புதிதாக எழுதி நடைமுறைப்படுத்த வேண்டும். பழையதில் "தேவைக்கேற்ப ஸ்பீச்" என்று இருந்தால் புது ஊரில் அது காற்றோடு போகும். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்று எண்ணாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கும்.

சிறப்புக் கல்விக்குத் தகுதி உண்டா என்ற மதிப்பீடே இதுவரை நடக்காத பிள்ளை என்றால் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். வாசலில் ஆசிரியையிடம் சொன்னது கணக்கில் வராது. எழுத்தில் கொடுத்தால் 20 நாளுக்குள் சைல்டு ஸ்டடி டீம் உங்களோடு உட்கார வேண்டும். மதிப்பீட்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் திட்டமும் தொடங்க வேண்டும். அந்த டீம் நியூஜெர்சிக்கே உரிய ஏற்பாடு: பள்ளி உளவியலாளர், கற்றல் குறைபாட்டு ஆசிரியர், சமூகப் பணியாளர் என்று மூன்று பேர், மூவரும் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள். அவர்களுடைய மதிப்பீட்டை நீங்கள் ஏற்கவில்லை என்றால், டிஸ்ட்ரிக்ட் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீடு கேட்கலாம்.

வேறு மாநிலம் போகலாமா என்றும் யோசித்தோம். டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், "இங்க வாங்க, பாதி விலைக்கு ரெண்டு மடங்கு வீடு" என்று விடாமல் கூப்பிட்டார். டெக்சாஸைப் பற்றித் தேடியபோது ஒரு பழைய கதை கிடைத்தது. 2004 முதல் பல ஆண்டுகள், மொத்தப் பிள்ளைகளில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக் கூடாது என்பதுபோல அந்த மாநிலம் டிஸ்ட்ரிக்டுகளை அளந்து வந்திருக்கிறது. 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அதை அம்பலப்படுத்த, அடுத்த ஆண்டு அந்த வரம்பைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். 2018-ல் ஃபெடரல் கல்வித் துறையும் அது சட்ட மீறல் என்று சொல்லிவிட்டது. இன்று அங்கே நல்ல டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன, நண்பர்கள் திருப்தியாக இருக்கிறார்கள். ஆனால் நியூஜெர்சியில் ஒரு வசதி உண்டு. டிஸ்ட்ரிக்டோடு தகராறு முற்றி விசாரணைக்குப் போனால், தன் திட்டம் சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு 2008 முதல் சட்டப்படி டிஸ்ட்ரிக்டுடையது. பெரும்பாலான மாநிலங்களில் வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். அநேகமாக அது பெற்றோர். நாங்கள் விசாரணைக்குப் போகவில்லை. ஆனாலும் ஐ.இ.பி. கூட்டத்தில் எதிரே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது இது தெரிந்திருப்பது முதுகை நிமிர்த்துகிறது.

நம் வீடுகளில் வரும் இரண்டு பயங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிறப்புக் கல்வி வாங்கினால் கிரீன் கார்டுக்கு ஆபத்து என்று ஒரு வதந்தி சுற்றுகிறது. இது பிள்ளைக்குச் சட்டம் தரும் பள்ளிக் கல்வி, அரசு உதவித்தொகை இல்லை. ஹெச்-1பி குடும்பமாக இருந்தபோதே எங்கள் மகனுக்கு எல்லாச் சேவையும் கிடைத்தது, எங்கள் வழக்கறிஞரும் கவலைப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். இன்னொன்று, "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள்" என்ற அறிவுரை. எங்களுக்கும் ஒரு தெரபிஸ்ட் சொன்னார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. ஊரிலிருந்து வரும் ஆத்தாவோடு அவன் வேறு எந்த மொழியில் பேசுவான்? ஊர் தேடும்போது இதையும் ஒரு கேள்வியாக வைத்துக்கொண்டோம். "தமிழை விடாதீர்கள், எந்தச் சொற்கள் வீட்டில் வருகின்றன என்று எங்களுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று சொன்ன ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்த டிஸ்ட்ரிக்டில்தான் இப்போது இருக்கிறோம்.

அதன் ரேட்டிங் நடுத்தரம். நடுத்தர அளவு ஊர், பிரீஸ்கூல் முதல் ஹைஸ்கூல் வரை ஒரே டிஸ்ட்ரிக்ட், தொடக்கப் பள்ளியிலும் மிடில் ஸ்கூலிலும் சொந்தமாக ஆட்டிசப் பிரிவு. என் கணவருக்கு நியூயார்க் ரயிலைப் பிடிக்க முன்பைவிட அதிக நேரம் ஆகிறது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் நடு ஆண்டில் வேலையை விட்டுப் போனார். சில வாரம் கணினித் திரை வழியாகத் தெரபி நடத்திப் பார்த்தார்கள்; அவன் திரையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். தவறிய நேரத்தை ஈடுகட்டித் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம், கோடையில் தந்தார்கள். கேட்காமல் தந்திருப்பார்களா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இப்போது அவன் மிடில் ஸ்கூல். நியூஜெர்சியில் 14 வயதிலிருந்தே பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டத்தை ஐ.இ.பி.யில் எழுத ஆரம்பிக்க வேண்டும். 21 வயது முடியும் கல்வியாண்டு வரை படிக்கலாம். அதனால் திரும்பவும் ஃபோனை எடுத்திருக்கிறேன், இந்த முறை எங்கள் ஊர் ஹைஸ்கூலுக்கே. 18-லிருந்து 21 வரை உள்ளவர்களுக்கான வகுப்பு ஊருக்குள்ளேயே நடக்கிறதா, வேலைப் பயிற்சிக்கு எந்தக் கடைகளுக்கு அழைத்துப் போகிறார்கள், அங்கே கூடவே நிற்பது யார் என்று கேட்டிருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் வந்திருக்கிறது: நடக்கிறது, ஆனால் இடம் குறைவு.